கற்பனை ஊரில் கொல்லனுக்கு இடம் உண்டா?

மாணவ நண்பர்களே, ஆடுபுலி ஆட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கோயில் மண்டபத்தின் கல் தளத்தில் கீறி வைத்த கட்டம்; அதில் 3 புலிகள், 15 ஆடுகள். புலி ஆட்டைத் தாண்டி வெட்டலாம். ஆடு புலியை வெட்ட முடியாது. கூட்டமாகச் சேர்ந்து அதை நகரவிடாமல் மடக்கத்தான் முடியும். தாயத்திலும் பல்லாங்குழியிலும் எல்லாருக்கும் ஒரே விதி. ஆடுபுலியிலோ இரண்டு பக்கத்துக்கும் இரண்டு விதி. பலம் மிக்க சிலரும் பலம் குறைந்த பலரும் எதிரெதிரே நின்றால் என்ன ஆகும் என்ற கேள்வியை, நம் முன்னோர் புளியங்கொட்டையையும் கூழாங்கல்லையும் வைத்துக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

இதே வேலையைக் கணிப்பொறியில் செய்வதைத்தான் பாவனை விளையாட்டு என்கிறோம். ஒரு கற்பனை உலகம். அதில் மலை, ஆறு, ஊர், மக்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒவ்வொரு செயலுக்கும் ஒரு விதி. காலத்தை ஓட விட்டால் அந்த ஊர் வளர்கிறது, தேய்கிறது, சில சமயம் அழிகிறது. 2006-ல் வெளிவந்த 'டுவார்ஃப் ஃபோர்ட்ரெஸ்' என்ற விளையாட்டு, நீங்கள் ஆடத் தொடங்குவதற்கு முன்பே அந்த உலகத்துக்குச் சில நூற்றாண்டு வரலாற்றைக் கணக்கிட்டு உண்டாக்கிவிடும். அதில் செடியிலிருந்து நூல் எடுக்கலாம், சாயம் ஏற்றலாம், தறியில் நெய்யலாம்.

இப்படிப்பட்ட விளையாட்டை நீங்களே உருவாக்கவும் இன்று வழி இருக்கிறது. 2007-ல் வெளிவந்த 'ஸ்கிராட்ச்' போன்ற இலவச மொழிகளைக் கொண்டு பள்ளிப் பிள்ளைகளே எளிய விளையாட்டுகளை எழுதுகிறார்கள். ராஜா, கோட்டை, மந்திரவாதி என்று ஓர் இடைக்கால உலகத்தை அமைக்கத் தொடங்கியதும் எல்லாருக்கும் ஓர் ஆசை வருகிறது: இன்னும் என்னென்ன தொழில்நுட்பங்களைச் சேர்க்கலாம்? எஃகு, இராட்டை, வாய்க்கால், காற்றாலை எனப் பட்டியல் நீளும்.

இங்கேதான் என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். தொழில்நுட்பத்தைச் சேர்ப்பவர், அதைச் சுமந்து நின்ற சமூக ஏற்பாட்டையும் சேர்க்க வேண்டும். யார் செய்தார், யாருக்காகச் செய்தார், அவருக்கு என்ன கிடைத்தது, எது மறுக்கப்பட்டது என்பதெல்லாம் கணக்கில் வர வேண்டும். கருவியை மட்டும் சேர்ப்பது பாதி அறிவியல்தான். இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் கரையே போதும்.

ஒரு பொத்தானில் எஃகு

'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' என்ற போர் விளையாட்டின் இரண்டாம் பகுதி 1999-ல் வந்தது. 2022-ல் அதில் 'திராவிடர்' என்ற நாகரிகத்தைச் சேர்த்தார்கள். அவர்களுக்கு மட்டுமே உரிய தொழில்நுட்பங்களுள் ஒன்று 'ஊட்ஸ் எஃகு'. கோட்டையைத் தொட்டு, கொஞ்சம் உணவும் பொன்னும் செலுத்திக் காத்திருந்தால் போதும். அதன் பிறகு உங்கள் வீரர்களின் வாளுக்கு எதிரியின் கவசம் ஒரு தடையே இல்லை.

தென்னாட்டு எஃகுக்கு உலக விளையாட்டில் இடம் கிடைத்தது மகிழ்ச்சிதான். ஆனால் அந்த எஃகு உண்மையில் எப்படி உண்டாயிற்று?

திருப்பூருக்குக் கிழக்கே, நொய்யலின் வடகரையில், சென்னிமலைக்கு அருகே கொடுமணல் என்ற ஊர் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் இதுவே என்பது அறிஞர் கருத்து. 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் இங்கே அகழாய்வு நடத்தினார்கள். சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய இரும்பு உலைகளின் எச்சங்களும், மணிகள் செய்த தொழிற்கூடத்தின் தடயங்களும், எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. எஃகுத் தொழில் அதோடு நின்றுவிடவில்லை. இடைக்காலம் முழுவதும் தொடர்ந்து, 19-ஆம் நூற்றாண்டு வரை தென்னகத்தில் உயிரோடு இருந்தது.

அதன் செய்முறையைச் சற்றுக் காண்போம். தூய இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். கரி உலையில் இதை எட்டுவது மிகக் கடினம். ஆனால் இரும்பில் கரிமம் கலந்தால் அதன் உருகுநிலை இறங்கும். ஆகவே கைவினைஞர், இரும்புத் துண்டுகளோடு ஆவாரங்கட்டைத் துணுக்குகளையும் எருக்கிலை போன்ற இலைகளையும் களிமண் மூசையில் இட்டு, வாயை மண்ணால் பூசி மூடினார். துருத்தி ஊதி மணிக்கணக்கில் சூடேற்றினார். உள்ளே கட்டையும் இலையும் கரிந்து, அந்தக் கரிமத்தை இரும்பு உறிஞ்சியது. பிறகு மெதுவாக ஆறவிட்டு மூசையை உடைத்தால் உள்ளே சுமார் ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம் வரை கரிமம் உள்ள எஃகுக் கட்டி இருக்கும். இதன் மர்மத்தை அறிய 1819-ல் மைக்கேல் ஃபாரடே என்ற மாபெரும் விஞ்ஞானியே இதைப் பகுத்தாய்ந்து கட்டுரை எழுதினார் என்றால் அதன் சிறப்பு விளங்கும்.

இந்தச் செய்முறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். தாது எடுத்தவர், மரம் வெட்டிக் கரி சுட்டவர், மூசை வனைந்தவர், துருத்திக்குத் தோல் தந்தவர், இரவெல்லாம் துருத்தி மிதித்தவர், சூட்டை நெருப்பின் நிறத்திலிருந்தே கணித்த ஆசான். விளையாட்டில் இவர்கள் அனைவரும் ஒரு பொத்தானுக்குள் மறைந்து போகிறார்கள்.

உலைக்கு முன் நின்றவர்

சரி, அந்த மனிதர்களின் வாழ்க்கை எப்படி இருந்தது? இதற்கும் கொங்கு நாட்டுக் கல்லே பதில் சொல்கிறது.

கரூர் பசுபதீசுவரர் கோயிலில் இடைக்காலக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோனேரின்மைகொண்டான் என்ற பட்டப்பெயரில் அரசன் பிறப்பித்த ஆணை அது. அது கம்மாளர்களுக்கு உரியது. கம்மாளர் என்றால் கொல்லர், தச்சர், கல்தச்சர், கன்னார், தட்டார் ஆகிய ஐந்தொழிலார். அதாவது அக்காலத்தின் தொழில்நுட்பம் முழுவதும் யார் கையில் இருந்ததோ அவர்கள். அரசன் அவர்களுக்கு என்ன வழங்கினான் தெரியுமா? நல்ல காரியத்துக்கும் துக்க காரியத்துக்கும் இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம். வெளியே போகும்போது காலில் செருப்பு அணியலாம். தங்கள் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம்.

மீண்டும் ஒரு முறை படியுங்கள். செருப்பு அணியவும் சுவருக்குச் சாந்து பூசவும் அரசனின் அனுமதி வேண்டியிருந்தது! அனுமதி வழங்கினான் என்றால் அதற்கு முன் அந்த உரிமை அவர்களுக்கு இல்லை, அல்லது அதை யாரோ மறுத்து வந்தார்கள் என்றுதான் பொருள். கோபுரத்தை எழுப்பிய கைக்குத் தன் வீட்டுச் சுவரைப் பூசும் உரிமை இல்லை. கோயில் கதவுக்குக் கீல் அடித்த கொல்லர் தம் மகளின் திருமணத்தில் சங்கு ஊதக் கூடாது.

இதை ஒரு பாவனை விளையாட்டின் விதியாக எழுதுவது கடினமா? இல்லவே இல்லை. 'கட்டும் திறன்' என்று ஓர் எண்ணும், 'கட்டிக்கொள்ளும் உரிமை' என்று இன்னோர் எண்ணும் வைத்தால் போதும். முதல் எண் 100, இரண்டாம் எண் 0. இடைக்காலச் சமூகத்தைப் பற்றி நூறு பக்கம் படித்தாலும் விளங்காத ஒன்று இந்த இரண்டு எண்களில் விளங்கிவிடும்.

பிறவியிலேயே கொல்லனா?

கற்பனை விளையாட்டுகளில் பெரும்பாலானவை இதற்கு நேர்மாறான வழியில் போகின்றன. அங்கே குள்ளர் இனம், வனவாசி இனம், அரக்கர் இனம் என்று பல இனங்கள் உண்டு. குள்ளராகப் பிறந்தவருக்கு உலோகத் தொழில் பிறவியிலேயே வரும். வனவாசிக்கு வில் பிறவியிலேயே வரும். அரக்கருக்கு முரட்டு பலம் அதிகம், அறிவு குறைவு. இந்த எண்கள் பிறப்போடு சேர்ந்தே வருகின்றன, மாற்ற முடியாது.

கதைதானே, இதில் என்ன தவறு என்று கேட்பீர்கள். சற்றுச் சிந்தியுங்கள். இன்ன குலத்தில் பிறந்தவனுக்கு இன்ன தொழில்தான் வரும், இன்ன குலத்தில் பிறந்தவனுக்குப் படிப்பு ஏறாது என்று நம் நாட்டில் நூற்றாண்டுக் கணக்கில் சொல்லப்பட்ட பொய்யும் இதே வடிவம் கொண்டதல்லவா? அந்தப் பொய்யை ஓர் எண்ணாக மாற்றி, வண்ணப்படம் சேர்த்து, மகிழ்ச்சியோடு நாம் ஆடுகிறோம்.

உண்மை என்ன? கொல்லர் மகன் கொல்லரானதற்குக் காரணம் அவன் இரத்தத்தில் இரும்பு வேலை ஓடியது அன்று. ஐந்து வயதில் துருத்தி அருகே உட்கார்ந்தான். பத்து வயதில் சுத்தியலைப் பிடித்தான். நெருப்பின் நிறத்தைப் பார்த்துச் சூட்டை அறியும் வித்தையைத் தந்தை அவனுக்குச் சொன்னார். அதே சமயம் மற்றத் தொழில்களின் கதவுகள் அவனுக்கு மூடிக் கிடந்தன. பயிற்சி ஒருபுறம், அடைத்த கதவு மறுபுறம். இந்த இரண்டும் சேர்ந்தால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது பிறவிக் குணம்போலத் தோன்றும். தோற்றத்துக்குப் பின்னால் உள்ள காரணத்தைக் காண்பதுதான் அறிவியல்.

விளையாட்டு உலகமும் இதை உணரத் தொடங்கியிருக்கிறது. கற்பனை விளையாட்டுகளுக்கெல்லாம் மூத்ததான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974-ல் வெளிவந்தது. அதன் 2024-ஆம் ஆண்டு விதி நூலில், பாத்திரத்தின் திறன்களைக் கூட்டும் எண்களைப் பிறந்த இனத்தோடு சேர்க்காமல், அவர் வளர்ந்த பின்னணியோடு சேர்த்துவிட்டார்கள். சிறிய திருத்தம்தான். ஆனால் சரியான திசையில் வைத்த அடி.

இராட்டையும் அரியணையும்

அடுத்து, பஞ்சை எடுத்துக்கொள்வோம். திருப்பூர் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு நூலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. இராட்டை வருவதற்கு முன் கதிரைக் கையால் சுழற்றித்தான் நூல் நூற்றார்கள். இராட்டையில் சக்கரம் ஒரு முறை சுற்றினால் கதிர் பல முறை சுற்றும். அதே நேரத்தில் பல மடங்கு நூல் கிடைக்கும். விளையாட்டில் இதை 'நூல் உற்பத்தி உயர்வு' என்று ஒரே வரியில் எழுதிவிடலாம்.

ஆனால் இந்தியாவில் இராட்டையைத் தெளிவாகக் குறிப்பிடும் மிகப் பழைய நூல்களுள் ஒன்றைப் பாருங்கள். 1350-ல் இசாமி என்ற புலவர் தக்காணத்தில் பாரசீக மொழியில் எழுதிய வரலாற்றுக் காவியம் அது. அதில் இராட்டை எந்த இடத்தில் வருகிறது? தில்லியை ஆண்ட அரசி ரஸியாவைப் பற்றிப் பேசும் இடத்தில். பெண்ணுக்கு அரியணை எதற்கு, இராட்டையே போதும் என்பது அந்தப் புலவரின் கருத்து. ஒரு கருவி வரலாற்றுக்குள் நுழையும்போதே, அதன் முன் யார் உட்கார வேண்டும் என்ற கட்டளையும் கூடவே நுழைகிறது! ஆகவே இராட்டையைச் சேர்க்கும்போது, நூற்ற பெண்ணுக்கு எவ்வளவு கூலி, அது யார் கையில் போய்ச் சேர்ந்தது என்ற இரண்டு வரிகளையும் சேர்த்தே எழுத வேண்டும்.

பனியன் துணியின் கதையும் இப்படிப்பட்டதே. நெசவில் பாவு, ஊடை என்று இரண்டு நூல் வரிசைகள் உண்டு. பின்னலில் ஒரே நூல் வளையம் வளையமாகக் கோத்துக்கொண்டு போகும். அதனால்தான் பனியன் இழுத்தால் நீள்கிறது. கையால் பின்னிய இந்த வேலையை எந்திரத்துக்குக் கொண்டுவந்தவர் இங்கிலாந்தின் வில்லியம் லீ, ஆண்டு 1589. அவர் காப்புரிமை கேட்டபோது, கையால் காலுறை பின்னிப் பிழைக்கும் ஏழைகளின் வாழ்வு கெடும் என்று அரசி எலிசபெத் மறுத்துவிட்டார் என்று சொல்லப்படுகிறது. லீ பிரான்சுக்குப் போய்ப் பிழைக்க வேண்டியதாயிற்று. திருப்பூரில் இன்று இரவும் பகலும் ஓடும் பின்னல் எந்திரங்களின் பாட்டனாருக்குப் பிறந்த ஊரில் கிடைத்த வரவேற்பு இது. கண்டுபிடிப்பு ஒன்று, அதைச் சமூகம் ஏற்பது வேறொன்று. இரண்டுக்கும் இடையே எத்தனையோ ஆண்டுகள் கழியலாம். பொத்தானை அழுத்தியதும் நாடு முழுவதும் பரவும் தொழில்நுட்பம் விளையாட்டில் மட்டுமே உண்டு.

கோடு இழுத்தால் வாய்க்கால் ஆகுமா?

விளையாட்டில் வாய்க்கால் வெட்டுவது எளிது. ஆற்றிலிருந்து வயல் வரை ஒரு கோடு இழுத்தால் தண்ணீர் வந்துவிடும். கொங்கு நாட்டில் காலிங்கராயன் வாய்க்காலைப் பாருங்கள். பவானி ஆற்றில் தொடங்கி நொய்யலில் முடியும் இந்த வாய்க்கால் 1283-ல் நிறைவடைந்தது என்பது மரபு. நேராக அளந்தால் சுமார் 36 மைல். வாய்க்காலின் நீளமோ 56 மைல். பாம்புபோல வளைந்து வளைந்து செல்கிறது. காரணம் என்ன? நிலத்தின் மேட்டைச் சுற்றிச் சென்றால்தான் சரிவு மெதுவாக இருக்கும். நீர் விரைந்து ஓடிக் கரையை அரிக்காது. வழியெங்கும் அதிக வயல்களுக்குப் பாயும். இன்றும் 15,000 ஏக்கருக்கு மேல் இதனால் பாசனம் பெறுகிறது. எழுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய நில அளவை அறிவு இது.

வெட்டியதோடு வேலை முடிந்துவிடாது. மடையை எப்போது திறப்பது, கடைமடைக்காரருக்குத் தண்ணீர் போகிறதா என்று பார்ப்பது யார், தூர் எடுக்க எந்த வீட்டிலிருந்து எத்தனை ஆள் வருவது? இவற்றுக்கெல்லாம் நீர்க்கட்டியும் குடிமராமத்தும் இருந்தன. இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் வாய்க்கால் சில ஆண்டுகளில் மண்மேடாகிவிடும்.

ஆற்றுப் பாசனம் இல்லாத மேட்டு நிலத்தில் கவலை ஏற்றம் உண்டு. மாடுகள் சரிவில் இறங்க, கிணற்றிலிருந்து தோல் சாலில் தண்ணீர் மேலே வரும். மாட்டின் எடையையே விசையாக மாற்றிய அருமையான அமைப்பு. அந்தத் தோலைப் பதப்படுத்தித் தைத்துத் தந்தவர் யார்? ஊருக்கு வெளியே சேரியில் குடியிருக்க வைக்கப்பட்டவர். அவர் தைத்த சால் கிணற்றுக்குள் நாள் முழுதும் இறங்கி ஏறும். அவர் மட்டும் அந்தக் கிணற்றில் தண்ணீர் சேந்தக் கூடாது. இது அண்மைக் காலம் வரை இருந்த கொடுமை. கவலை ஏற்றத்தை உங்கள் விளையாட்டில் வைத்துவிட்டு இந்த மனிதரை வைக்காவிட்டால், அவரை மீண்டும் ஒருமுறை ஊருக்கு வெளியே நிறுத்தியதாக ஆகாதா?

வரியைக் கூட்டினால்...

சமூக ஏற்பாடுகளைச் சேர்த்தால் விளையாட்டு சுவை குறையும் என்பது பலருடைய எண்ணம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளையாட்டுக்காகச் சொன்னவை.

உங்கள் ஊரில் 20 தறிகள். ஒரு தறிக்கு ஆண்டுக்கு 3 காசு வரி. அரசனுக்கு வரவு 60 காசு. அரசன் வரியை 5 காசாக உயர்த்துகிறான். 100 காசு வரும் என்பது அவன் கணக்கு. ஆனால் நெசவாளர் கல்லோ மரமோ அல்லர். தறியைப் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு பாதிப் பேர் அடுத்த நாட்டுக்குப் போய்விடுகிறார்கள். மிச்சம் 10 தறி. வரவு 50 காசு. வரியைக் கூட்டியதால் வரவு குறைந்துவிட்டது! மக்களுக்கு மறுமொழி சொல்லும் உரிமையை விளையாட்டுக்குள் கொடுத்தால், ஆடுபவர் ஒவ்வொரு முடிவையும் நாலு தடவை யோசித்து எடுக்க வேண்டிவரும். இதைவிடச் சுவை வேறென்ன?

இது வெறும் கற்பனையும் அன்று. தறி மீது வரி இருந்ததைச் சோழர், விசயநகரக் காலக் கல்வெட்டுகள் சொல்கின்றன. 1429-ல், விசயநகர ஆட்சியின்போது, காவிரிப் பகுதியில் ஒரு வியப்பான செயல் நடந்தது. வலங்கை, இடங்கை என்று பிரிந்து ஒருவரோடொருவர் பகைத்திருந்த இரு பிரிவினரும் ஒன்றுகூடினார்கள். அதிகாரிகளும் நிலக்கிழார்களும் வாங்கும் முறையற்ற வரிகளைத் தருவதில்லை என முடிவுசெய்து, தாங்கள் தரக்கூடிய வரி எவ்வளவு என்பதையும் கல்லில் வெட்டி வைத்தார்கள். ஆடுகள் சேர்ந்து புலியை மடக்கிய கதை போல இல்லையா?

இது சரிதானா?

என் கருத்துக்கு எதிராக ஒரு வலுவான கேள்வி உண்டு. சாதியையும் அடிமைத்தனத்தையும் விளையாட்டில் வைத்தால், அந்தக் கொடுமையைப் பிள்ளைகள் வேடிக்கையாக ஆட மாட்டார்களா? பாட்டனார் பட்ட அவமானத்தை ஒரு மாணவி திரையில் பார்த்து மனம் நோக மாட்டாளா?

இந்த அச்சம் நியாயமானது. ஆகவே எப்படிச் சேர்ப்பது என்பதே முக்கியம். கொடுமை செய்பவருக்குப் புள்ளி கொடுத்தால் அது கொடுமையைக் கற்பிக்கும் விளையாட்டு. கொடுமையை மாற்றும் வழியைத் தேடுபவருக்குப் பாதை திறந்தால் அது சிந்திக்கக் கற்பிக்கும் விளையாட்டு. 1904-ல் அமெரிக்காவில் எலிசபெத் மேகி என்ற பெண்மணி 'நிலக்கிழார் விளையாட்டு' என்ற ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு அதற்கு இரண்டு விதித் தொகுதிகளை வகுத்தார். ஒன்றில் ஒருவர் எல்லாவற்றையும் வளைத்துப் போட்டு மற்றவரை ஓட்டாண்டியாக்குவார். மற்றொன்றில் செல்வம் எல்லாருக்கும் பங்காகும். இரண்டையும் ஆடிப் பார்த்து எது நல்ல விதி என்று மக்களே முடிவுசெய்யட்டும் என்பது அவர் நோக்கம். காலப்போக்கில் முதல் விதியில் பிறந்த விளையாட்டுத்தான் 'மோனோபொலி'யாக உலகெங்கும் பரவியது, இரண்டாவது மறந்துபோயிற்று. விதிகள் எழுதுபவரின் கருத்தைச் சுமக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

கொடுமையை அடியோடு விட்டுவிடுவதும் நடுநிலை ஆகாது. அரண்மனையும் கோபுரமும் பளபளக்க, உழைத்தவர் யாருமே இல்லாத இடைக்காலத்தைப் பார்த்து வளரும் பிள்ளை, அது ஒரு பொற்காலம் என்றே நம்பிவிடும். அந்தக் காலத்தின் ஏற்பாடுகள் திரும்ப வேண்டும் என்று யாராவது சொன்னால் மறுத்துக் கேட்க அதற்குத் தெரியாது.

ஆறும் ஓர் ஆட்டக்காரர்

கடைசியாக ஒன்று. பெரும்பாலான விளையாட்டுகளில் சாயம் என்றால் துணியின் விலை உயரும், அவ்வளவுதான். சாயம் கலந்த நீர் எங்கே போகிறது என்று எந்த விதியும் கேட்பதில்லை. நாமும் அப்படித்தான் இருந்தோம். நொய்யல் நீரை விவசாயத்துக்குத் தேக்க ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டி 1992-ல் நீர் தேக்கினார்கள். எஃகு செய்த அந்தக் கொடுமணலுக்கு அருகில்தான் இந்த அணை. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவின் தேக்கமாக மாறியது. கழிவில் கரைந்திருந்த உப்பு கீழேயுள்ள நிலத்தையும் கிணறுகளையும் கெடுத்தது. விவசாயிகள் நீதிமன்றம் சென்றார்கள். 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஊரே திகைத்தது, எத்தனையோ பேருக்கு வேலை போயிற்று. பிறகு கழிவுநீரை வெளியே விடாமல், உப்பைப் பிரித்து நீரை மீண்டும் பயன்படுத்தும் முறைக்குத் தொழில் மாற வேண்டியிருந்தது.

இதில் தொழிலாளியை மட்டுமோ, பட்டறையை மட்டுமோ, விவசாயியை மட்டுமோ பார்த்தால் முழு உண்மை தெரியாது. மூவரும் ஒரே ஆற்றின் கரையில் இருக்கிறார்கள். ஆற்றுக்கும் ஓர் எண் வைத்து, ஒவ்வொரு ஆட்டத்திலும் அதைக் கணக்கிட்டிருந்தால் கேடு எந்த ஆண்டில் தொடங்குகிறது என்று முன்னதாகவே தெரிந்திருக்கும். பாவனையின் பெரும் பயனே இதுதான்: உண்மையில் செய்தால் உயிர் போகும் தவறுகளை முன்கூட்டியே தாளிலோ திரையிலோ செய்து பார்த்துவிடலாம்.

ஆகவே நண்பர்களே, கணிப்பொறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பிடித்த இடைக்காலத் தொழில்நுட்பம் ஒன்றை எழுதுங்கள். அதன் கீழே நான்கு கேள்விகளுக்கு விடை தேடுங்கள். இதைச் செய்ய எத்தனை வகை மனிதர் வேண்டும்? இதன் பலன் யாருக்குப் போகிறது, யாருக்கு மறுக்கப்படுகிறது? மண்ணுக்கும் நீருக்கும் என்ன ஆகிறது? ஏற்பாடு பிடிக்காதவர்கள் அதை எப்படி மாற்றலாம்? முதல் கேள்விக்கு ஊரில் உள்ள முதிய கைவினைஞர்கள் விடை சொல்வார்கள். இரண்டாவதற்கு உங்கள் ஊர்க் கோயில் கல்வெட்டும் வரலாற்று ஆசிரியரும் உதவுவார்கள். மூன்றாவதை ஆற்றங்கரைக்குப் போய் நீங்களே பார்க்கலாம். நான்காவதுக்கு மட்டும் ஆயத்த விடை கிடையாது. அதை உங்கள் விளையாட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.